பெரியம்மாவைக் கைது செய்த கதை

எங்கள் வரிசையில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பென்னலூரில் ஒரே நீளச் சுவரைத் தடுத்துத் தடுத்துக் கட்டிய ஏழு வீடுகள். எல்லா வீட்டிலும் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலைப் பஸ்ஸில் போனவர்கள் திரும்பிவரும்போது மத்தியானப் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பியிருப்பார்கள். இரவு வேலை பார்த்தவர்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக் கட்டைபோலக் கிடப்பார்கள். அதனால் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பகலில் டிவியின் சத்தம் ஆறாம் நம்பரைத் தாண்டக் கூடாது. குழந்தைகள் கண்ணாமூச்சி விளையாடினால்கூடப் பிடிபட்டவள் கத்தக் கூடாது. கோடை விடுமுறை முழுவதும் நாங்கள் கிசுகிசுத்தே சண்டை போட்டோம்.

அப்பா இந்த ஊர்க்காரர். தகடுகளை அமுக்கிக் கார்க் கதவு செய்யும் பிரஸ் ஷாப்பில் வேலை. பல வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்று நின்று அவருடைய காது மந்தமாகிவிட்டிருந்தது. அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவள். அவளுடைய வேலை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் கடுகளவு பாகங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும். அதில் எது இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இருப்பதைப் பார்ப்பது யாருக்கும் வரும், இல்லாததைப் பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும் என்பாள். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்தால் டிவியைப் பார்க்க முடியாது. ஈரத்துணியைக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள்.

ஆக, எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காது இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை. எனக்கு ஒன்பது வயது, இரண்டும் இருந்தன. அந்த மே மாதம் அம்மாவுக்குக் காலை ஷிப்ட், அப்பாவுக்கு மத்தியான ஷிப்ட். அவர் ஒன்றரைக்குக் கிளம்புவார், அவள் மூன்றரைக்கு வந்து இறங்குவாள். இருவரும் விழித்த நிலையில் ஒருவரையொருவர் பார்ப்பது ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளில்தான். இடையில் இருந்த இரண்டு மணி நேரம் நான் தனி. வீட்டுச் சாவியை அம்மாவின் பழைய அடையாள அட்டை நாடாவில் கோத்து என் கழுத்தில் போட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சினிமாப் படத்தைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, ஒரகடத்தில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தார். கோயிலில் எங்கள் விடுமுறை விவிலிய வகுப்பின் நிறைவு விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை, நான் வெள்ளைத்துணி இறக்கை கட்டிக்கொண்டு சம்மனசாக, அதாவது தேவதூதனாக, நின்றிருந்தபோது, அவர் வீட்டுக்கு வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரெஞ்சுப் படம், தமிழில் பேசும். துப்பறியும் கதை. மலைமேல் தனியாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊர். ஊருக்குப் போக ஒரே ரோடு, அதையும் பனி சரிந்து மூடிவிடுகிறது. உள்ளே ஒரு பெண்குழந்தையைக் காணவில்லை. செய்தவன் ஊருக்குள்தான் இருக்கிறான், வெளியே போக வழியில்லை. நகரத்திலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஓர் இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே வீடு வீடாக விசாரிக்கிறார்.

அடுத்த நாள், திங்கட்கிழமை சாயங்காலம், அம்மா போனில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவுவதுபோல் குழாயை ஒழுகவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"ஜூன்ல கொண்டாந்து விட்டுருதேன்க்கா. ராத்திரி ஷிப்டும் போடுவாவளாம். இவுகளும் ராத்திரின்னா புள்ள தனியால்லா கெடக்கும்."

விஷயம் இதுதான். கான்ட்ராக்டில் மூன்று வருடம் வேலை பார்த்த அம்மாவின் பெயர் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் வந்திருந்தது. நிரந்தரமானால் மூன்று ஷிப்டுக்கும் சம்மதிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர்களுக்கு அன்றோடு கான்ட்ராக்ட் முடிந்துவிடும். பட்டியல், கையெழுத்து எதுவும் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பெரியம்மா கெட்டவள் இல்லை. என்னை இரண்டே முறை பார்த்திருக்கிறாள், இரண்டு முறையும் தலையில் எண்ணெயை ஊற்றி இறுக்கிப் பின்னி விட்டிருக்கிறாள். அந்த ஊரில் கான்வென்ட் இருந்தது, விளையாடப் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா இல்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா அந்தப் படத்தைப் போட்டார். நான் அழுது அடம்பிடித்ததால் போட்டார் என்று அன்று நினைத்தேன். சமையல், துணி எல்லாம் முடித்து அவர் கிளம்புவதற்குமுன் தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். சத்தம் ஆறில் இருக்கும். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அண்ணன்கள் மூன்று பேர் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தார்கள். நான் டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் கேட்டு அப்பாவின் காதுக்குள் சொல்வேன்.

"இன்னாடா இது, ஊரு பூரா ஏசி போட்டு வெச்சா மாதிரி கீது," என்றார் அப்பா, முதல் பனியைப் பார்த்ததும்.

எங்களுக்கு மலை என்றால் குன்றத்தூர் மலைதான். ஏறி, இறங்கி, பொரி வாங்கித் தின்று முடிக்க ஒரு மணி நேரம் ஆகாது. இந்த மலை வேறு மாதிரி இருந்தது. தலையே தெரியவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் நான்கு பேர்தான் குரல் கொடுத்திருந்தார்கள். சாமியாருக்கும் கசாப்புக் கடைக்காரருக்கும் ஒரே குரல் என்பதால் எனக்கு இரண்டு பேர்மேலும் சந்தேகம். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தனிக்குரல். யார் என்ன சொன்னாலும் குறுக்கே பேச மாட்டார். தலையாட்டிக்கொண்டே கேட்பார். கடைசியில் சின்னதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வண்டியில் உட்கார்ந்ததும் கூட இருக்கும் போலீஸ்காரனிடம், பொய் சொல்பவன் எதைச் சொல்கிறான் என்று பார்க்காதே, எதை விடுகிறான் என்று பார் என்பார்.

அதைச் சாயங்காலம் அம்மாவிடம் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஈரத்துணிக்கு அடியில் அவள் சிரித்தாள். "எங்க சூப்பர்வைசரும் இதத்தாம்ட்டி சொல்லுவான்."

இப்படியாக, காலையில் அப்பாவுக்குக் காதாக இருந்து, சாயங்காலம் அம்மாவுக்குக் கண்ணாக இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமைதான் காணாமல் போன குழந்தையின் கதை வந்தது. அவளுடைய அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கிறார். அம்மா ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறாள். குழந்தை பள்ளிவிட்டுத் தனியாக நடந்து வருகிறாள். சிவப்புக் குல்லா. கழுத்தில் கம்பளிக் கயிற்றில் ஒரு சாவி. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாலைக் கோப்பையில் ஊற்றுகிறாள். அடுத்த காட்சியில் கதவு திறந்து கிடக்கிறது, பால் கொட்டிக் கிடக்கிறது, அவள் இல்லை.

என் கை என் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழந்தைக்காக நான் பயப்படவில்லை. என் பயம் எல்லாம் அப்பாவைப் பற்றித்தான். தனியாக இருந்ததால்தான் இவள் காணாமல் போனாள் என்று தெரிந்தால் ஜூன்வரைக்கும்கூட என்னை வைத்திருக்க மாட்டார்கள், அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடுவார்கள்.

"யாரு வூடு இது?" என்றார் அப்பா.

"பெரியம்மா வூடு," என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அந்தப் பொண்ண அவங்க அம்மா பெரியம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கருந்துதான் காணாப்போயிட்டா."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பெரியம்மா எங்க? காணோமே?"

"கடைக்குப் போயிருக்காங்க."

"பாவம்," என்று சொல்லிவிட்டு அவர் சோற்று டப்பாவை மூடப் போனார். குழந்தையைச் சொன்னாரா, கடைக்குப் போன பெரியம்மாவைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நம்பிவிட்டார் என்று மனசு குதித்தது.

சாயங்காலம் அம்மாவுக்கு இன்னும் விரிவாகச் சொன்னேன். பொய்க்குப் பலம் வேண்டுமே. ஜன்னலில் பனி ஒட்டியிருந்தது, சிவப்புக் குல்லா, ஈரக் காலுறை, பால் கோப்பையில் நீலப்பூ, மேசைமேல் ஒரு பூனை என்று கண்ணில் பட்டது எல்லாவற்றையும் அடுக்கினேன். படத்தில் இல்லாத பெரியம்மாவுக்குப் பச்சைப் புடவை மாதிரி ஒரு கவுனும் மாட்டிவிட்டேன். அம்மா அசையாமல் படுத்திருந்தாள்.

"அந்தப் பெரியம்மா நல்லவளா?" என்றாள்.

"மொதல்ல நல்லவங்க மாதிரி இருப்பாங்க."

"அந்தப் புள்ளைக்கு அங்க இருக்கப் பிடிக்கலயோ?"

"பிடிக்கல. ஆனா யார்கிட்டயும் சொல்லல."

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.

வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின. படத்தில் இன்ஸ்பெக்டர் சாமியாரை விசாரித்தால், நான் பெரியம்மாவை விசாரிக்க வைத்தேன். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். சில சமயம் பாதியில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் தூங்கும்போதும் நான் வசனத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று ஒரு எண்ணம்.

சனிக்கிழமை அப்பாவைக் காலை பத்து மணிக்கே ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரப் படம் மிச்சம் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு நானே போட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு பாழடைந்த வீட்டின் பாதாள அறைக்குள் டார்ச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். ஆறாம் நம்பர் சத்தத்தில் மூச்சு படத்தில் வருகிறதா, என் முதுகுக்குப் பின்னால் வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவரில் 'டொம்' என்று ஓர் இடி. பக்கத்து வீட்டு அண்ணன் யாரோ புரண்டு படுத்துக் கையால் இடித்திருக்க வேண்டும். இதை இப்போது சொல்கிறேன். அன்று பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

வரிசையில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. எல்லா ஜன்னலிலும் போர்வை. கத்தலாம் என்று வாய் வந்தது, சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். மெயின்ரோடு வரைக்கும் நடந்து, கம்பெனிப் பஸ் நிற்கும் இடத்தில், வீட்டுமனை விளம்பரப் பலகையின் நிழலில் உட்கார்ந்தேன். நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். நடு மத்தியானத்தில் நிழலே இல்லை. சாவியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"எவ்ளோ நேரமாட்டி இங்க இருக்க?"

"இப்பத்தாம்மா வந்தேன்."

தலையிலிருந்து கையை எடுக்காமலே வீடுவரைக்கும் நடந்தாள். அன்று அவள் துணியை நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டதும் கேட்காமலே நான் முடிவைச் சொன்னேன். பார்க்காத முடிவு. பெரியம்மாதான் குழந்தையை ஒளித்து வைத்திருந்தாள், இன்ஸ்பெக்டர் அவளைப் பச்சைக் கவுனோடு கைது செய்து ஜீப்பில் ஏற்றினார், பனி உருகி ரோடு திறந்தது, குழந்தை தன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். சொல்லும்போது பாதாள அறை இன்னும் கண்ணுக்குள் இருந்தது. அம்மா கையை நீட்டி என்னை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். வியர்வை நாற்றமும் ஈயம் உருக்கும் சால்டர் நாற்றமும் கலந்து அடித்தது. பயம் தெளிந்து அப்படியே தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா பென்டிரைவை வாங்க வந்தார். இதுதான் நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். மாமா படத்தை முழுக்கப் பார்த்தவர், கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் பென்டிரைவை அவர் சட்டைப் பையில் திணித்து, கோழிக்குழம்பை அவர் பக்கம் தள்ளி, அவர் வாயை அடைக்க என்னாலான எல்லாம் செய்தேன். ஆனால் அம்மாவே பேச்சை எடுத்தாள்.

"ஏல, அந்தப் படத்துல கடைசீல பெரியம்மாவத்தான் போலீசு புடிச்சிட்டுப் போச்சாமே?"

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா," என்றார். "பொல்லாத பொம்பள. எனக்கு மொதல்லயே அவ மேலதான் சந்தேகம். பாத்தியளா அத்தான்?"

"பார்த்தேன் மச்சான். இன்னா ஆக்டிங்கு," என்றார் அப்பா.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த மாமாவும் படத்தைப் பார்க்காமல் தூங்கியிருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு பார்த்ததாகச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் இவ்வளவு பொய் சொல்கிறார்களே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மாதக் கடைசி நாள் அம்மா வழக்கம்போல மூன்றரைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "நீ எங்கயும் போகாண்டாம், இங்கனயே படி," என்றாள். என் கழுத்திலிருந்த நாடாவைத் தலைவழியாகக் கழற்றிச் சாவியை ஆணியில் மாட்டினாள். அன்று கதை கேட்கவில்லை. துணியை நனைக்கவும் இல்லை, சும்மா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். நான் மூன்று தின்றேன். அதற்குப் பிறகு அம்மா பக்கத்தில் ஒரு பாக்கிங் கொட்டகைக்கு, பகல் வேலைக்கு மட்டும் போனாள். பிறகு இன்னொரு கொட்டகை, பிறகு ஒரு கேன்டீன். எங்கேயும் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் மறுபடி வரவில்லை.

போன மாதம் ஒரகடத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. கடிதத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். இப்போது அவளுக்குத் தடித்த கண்ணாடி. கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வரிக்கு வரி விரல் வைத்து, எதுவோ குறைகிறது என்று தேடுவதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்துத் தந்தாள்.

"எனக்கும் இப்பிடி ஒண்ணு வந்துச்சுல்லா," என்றாள்.

எனக்கு அப்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் கழித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பெரியம்மா என்று படத்தில் யாருமே கிடையாது, எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அது தெரியாமலா? நீ கோயில்ல சம்மனசு வேசம் போட்டிருந்தேல்லா, அன்னிக்கே நானும் அப்பாவும் முழுசாப் பாத்துட்டோம். அப்பா பாதில உறங்கிட்டாவ, நாந்தான் எழுப்பி எழுப்பிச் சொன்னேன். அந்தப் புள்ள தனியாக் கெடக்கதப் பாத்துப் பயந்துதான் மறுநா பெரியம்மாவுக்குப் போனே போட்டேன். ஒனக்கும் புரியட்டும்னுதான் அப்பா அதப் போட்டுக் காட்டுனாவ."

"அப்பறம் ஏன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த?"

"குல்லாவச் சொன்ன, காலுறையச் சொன்ன, பூனையச் சொன்ன. கழுத்துல சாவி கெடந்தத மட்டும் சொல்லல." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அனுப்பாண்டாம்னு வாயால கேட்டிருந்தா அனுப்பித்தான் இருப்பேன். நீ கேக்கல பாரு."

அந்தக் குழந்தை கடைசியில் கிடைத்தாளா என்று கேட்டேன். கிடைத்தாள் என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை, அசதியாக இருக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

நான் அந்தக் கடைசி நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அம்மா வாசலில் நிற்கிறாள், குனிந்து என் கழுத்துச் சாவியைக் கழற்றுகிறாள். அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கிறது. எப்போதும் அவள் கழுத்தில் தொங்கி, குனிந்தால் என் மூக்கில் இடிக்கும் கம்பெனி அடையாள அட்டை அன்று இடிக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குக் கண் நன்றாகவே தெரியும். இல்லாததைப் பார்க்கத்தான் தெரியவில்லை. நாளைக்கும் மூன்றரைக்குத்தான் வருவாயா என்று அன்று அவளிடம் கேட்டேன்.